மூலம்

பௌல்டர் நகரத்துத் தண்ணீரைக்
குடித்துப் பார்க்க எனக்குச் சம்பளம்.
செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி.
நான்கு பேர், வெள்ளை மேசை,
மூடி போட்ட கண்ணாடிக் குவளைகள்.
மண்வாடை, பாசி, குளோரின், வெள்ளரிக்காய் என்று
கட்டம் கட்டமாய்ப் படிவம்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட வேண்டும்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: மூலம்.
ஏரியா, தொட்டியா, குழாயா,
எங்கிருந்து வந்தது இந்தச் சுவை.

அக்டோபர் காய்ச்சலுக்குப் பிறகு
எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டேன்.
நல்ல தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.
மூன்றாம் வாரம் கிரெய்க்
ஒரு குவளையில் உப்பைக் கரைத்து வைத்தார்.
அதற்கும் சைபர்.
ஊருக்கே தண்ணீர் விடும் இடத்தில்
நான் தண்ணி காட்டியது வெளியே வந்தது.
மேசையிலிருந்து எழுப்பவில்லை அவர்.
உட்கார், குடி,
உன் தாளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், அவ்வளவுதான்.

சாப்பாடு அலுத்தால்
நாக்கு செத்துப்போச்சு என்போம்.
சும்மா சொல்லக் கூடாது அதை.
செத்த நாக்கு வாய்க்குள் கிடக்கும் பாருங்கள்,
முகம் தெரியாத யாரோ
நம் கட்டிலில் படுத்திருப்பது போல.

மிங்மா மேல் ஏரிக்கு வண்டி ஓட்டுகிறவர்,
சோலுகும்பு மலைக்காரர்.
ஜனவரியில் ஒருநாள் லாக்கர் பக்கம் நிறுத்தி
காலுறைக்குள் சுருட்டிய எதையோ நீட்டினார்.
காய்ந்த கம்பளிப்பூச்சி போல் ஐந்தாறு துண்டு.
"குட்கி.
மரங்கள் நின்றுவிடும் உயரத்துக்கும் மேலே
பாறையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.
எங்கள் பக்கம் காய்ச்சலுக்கு, ஈரலுக்கு,
பொய் சொல்கிற பிள்ளைகளுக்கு.
இங்கே எப்படி வந்தது என்று கேட்காதே."
வீட்டில் தேடிப் பார்த்தேன்: கடுகுரோகிணி.
லேகியப் புட்டியின் பொடி எழுத்தில் படித்த பேர்.
கடுகுக்கும் அதற்கும் உறவில்லை.
ரோகிணி யாரென்று தெரியவில்லை.

தினமும் மிளகளவு ஒரு சில்லு.
மரத்தூள்.
மரத்தூள்.
மரத்தூள்.
பதினோராம் நாள், பிராட்வே சிக்னலில்
சிவப்புக்கு நிற்கையில்
அடிநாக்கில் யாரோ ஆணி இறக்கினார்கள்.

இனிப்பு வரவில்லை, உப்பு வரவில்லை,
முதலில் வந்து கதவைத் தட்டியது இது.
கண்ணில் நீர், காதுமடல் சூடு.
பச்சை விழுந்தும் நான் நகரவில்லை.
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்க அடிக்க
கைப்பு, கைப்பு என்று
அந்தப் பழைய சொல்லையே
கண்ணாடிக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
துப்ப மனமில்லை.

அன்று வெள்ளிக்கிழமை.
நாலு குவளையும் கசந்தன.
கசப்பு: எட்டு.
மூலம்: நான்.
கிரெய்க் தாளை இரண்டு முறை படித்தார்.
வழக்கம்போல் செல்லாது என்று முத்திரை குத்தினார்,
ஆனால் கிழிக்காமல் கோப்பில் வைத்தார்.

உப்பு வர இன்னும் ஐந்து வாரம்.
வந்த இரவு
நான் வைத்த ரசத்தை நானே வாயில் விட்டேன்.
கடல்.
எதிரே இளம்பரிதி
இரண்டாம் கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தான்.
எத்தனை நாளாய் இப்படி, என்றேன்.
"எப்படி?" என்றான்,
தண்ணீர்ச் செம்பைக் கிட்டே இழுத்தபடி.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
அவன் பக்கம் மட்டும் இரண்டு செம்பு.
இலையுதிர்காலம் தொட்டே இரண்டுதான்.

மறுநாள் மிங்மாவிடம் நன்றி சொல்லப் போனேன்.
முழுதாய்க் காதில் வாங்கவில்லை.
"மிச்சமிருந்தால் கொடுத்துவிடு,
என் மச்சானுக்கு வயிறு சரியில்லை."
கொடுத்தேன்.
ஒரு துண்டு மட்டும் கோட்டுப் பைக்குள் ஒதுங்கிக்கொண்டது,
நானாக ஒதுக்கினேன் என்றும் சொல்லலாம்.
பஸ் டிக்கெட்டுகளோடு கிடக்கிறது.
இன்னும் அதற்கு என்ன வேலை என்று
முடிவு செய்யவில்லை.